அந்த்வானை அவசரப்படாமல் பார்ப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு ஞாயிறு மதியத்துக்கு மேல் லீவு. போன வருடம் அக்கா மகன் பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்தபோது, அந்த நேரத்தில் அவனோடு உட்கார்ந்து, பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அந்த்வான் துவானெல் என்ற பாத்திரத்தை வைத்து எடுத்த படங்களைத் தொடங்கினேன். மொத்தம் ஐந்து. முதலாவது 1959, கடைசி 1979. பதினான்கு வயதில் நடிக்க வந்த ழான்-பியர் லெயோவே ஐந்திலும் அந்த்வான்; படத்துக்குப் படம் அவரும் வளர்கிறார். அதனால் ஒரே மூச்சில் பார்த்துவிடாதீர்கள்.

முதல் படம் 'த 400 ப்ளோஸ்'. நானூறு அடிகள் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சில் அது அடங்காத சேட்டையைக் குறிக்கும் மரபுத்தொடர். பள்ளிக்கு வராத காரணத்தைக் கேட்டால் அம்மா செத்துவிட்டார் என்று அந்த்வான் சொல்லுவான். எங்கள் பையன் தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னவன். அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயே திறக்கவில்லை. பிள்ளைகளோடு பார்க்கிறவர்களும் அப்படியே இருங்கள்.

சீர்திருத்தப் பள்ளியில் உளவியலாளர் கேள்வி கேட்கும் காட்சியை இரண்டு முறை பாருங்கள். கேட்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். பையன் கையைப் பிசைந்தபடி பதில் சொல்வான். அதில் லெயோ சொந்த வார்த்தைகளில்தான் பேசினார். கடைசியில் கடற்கரையில் அவன் நம் பக்கம் திரும்பியதும் படம் உறையும். மேட்டூர் அணைக்கு மேல் பெரிய தண்ணீர் பார்க்காத எங்கள் பையன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. உடனே அடுத்ததைப் போடாதீர்கள், ஒரு வாரமாவது போகட்டும்.

இரண்டாவது 1962இல் வந்த அரைமணி நேரக் குறும்படம், 'அந்த்வான் அண்ட் கொலெத்'. பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள், கொலெத் கடைசிப் படத்தில் திரும்ப வருவாள்.

'ஸ்டோலன் கிஸ்ஸஸ்', 'பெட் அண்ட் போர்ட்' இரண்டும் வேலை, காதல், கல்யாணம். கொஞ்சம் இலகுவானவை, ஆனால் பெரியவர்களுக்கு.

கடைசிப் படமான 'லவ் ஆன் தி ரன்'னுக்கு முன் நல்ல இடைவெளி விடுங்கள். பழைய படங்களின் துண்டுகள் அதில் வருகின்றன. நேற்றுப் பார்த்தவருக்கு அவை சலிப்பு. மறந்திருந்தால் நம் சொந்த ஞாபகம் போலவே வந்து நிற்கும். முதல் படத்தில் தெருவில் அம்மாவை முத்தமிட்டவர், இதில் அந்த்வானை அம்மாவின் கல்லறைக்கு அழைத்துப் போவார். நான் அழுதது அங்கேதான்.

பையனுக்கு இப்போது 15. இரண்டோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் கொலுசுக்குப் பற்றவைக்கும்போது பக்கத்தில் வந்து, "அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான் மாமா?" என்பான். இன்னும் சொல்லவில்லை.