ஆடு குழை தொடாமல் நின்றால்

காலையில் கட்டின குழையை ஆடு மத்தியானம்வரை முகர்ந்தும் பார்க்கவில்லை என்றால் அன்றைக்கே கவனியுங்கள். நாய் ஒரு நாள் இரண்டு நாள் தின்னாமல் கிடந்துவிட்டு எழும்பித் திரியும். ஆட்டுக்கு அது சரிவராது. அதன் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் குழையையும் புல்லையும் செரிக்க வைக்கின்றன. தீன் உள்ளே போகாவிட்டால் அவை சோர்ந்து சாகத் தொடங்கும். பிறகு ஆடு தின்ன ஆசைப்பட்டாலும் வயிறு ஏற்காது.

எங்கள் பக்கத்தில் முதல் நடக்கிற பிழை, தலையை அண்ணாத்திப் பிடித்துக்கொண்டு போத்தலால் கஞ்சி பருக்குவது. தலை மேலே நிமிர்ந்திருந்தால் ஊற்றுவது சுவாசப்பைக்குள் போகும். அன்று இருமும், மூன்றாம் நாள் மூக்கால் சளி வடிய மூசிக்கொண்டு நிற்கும். சுவாசப்பைக்குள் போகாவிட்டாலும், நின்றுபோன வயிற்றுக்குள் விழுகிற சோறு அங்கேயே புளித்து நஞ்சாகிவிடும். காரணம் தெரியும்வரை கஞ்சி, தவிடு, பிண்ணாக்கு எதுவும் வேண்டாம்.

காரணத்தைக் கையாலேயே பிடிக்கலாம். இடப்பக்க அள்ளைக்குழியில், கடைசி விலாவுக்குப் பின்னால், குத்துக்கையை அமத்தி வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து 2 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சுகமான ஆட்டில் உள்ளேயிருந்து ஏதோ உருண்டு வந்து கையை மெல்ல வெளியே தள்ளும். நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தரம். இரண்டு நிமிடமும் ஒன்றும் தள்ளவில்லை என்றால் வயிறு நின்றுவிட்டது. மேளம்போல விறைத்து, தட்டினால் ஒலித்தால் காற்று அடைத்திருக்கிறது. குழைத்த மாப்போல அமுங்கி, விரல் பட்ட குழி அப்படியே நின்றால் தீன் கட்டிப்போயிருக்கிறது. குலுக்கும்போது தண்ணிக்குடம்போலச் சலசலத்தால் அனேகமாக நெல்லுத்தான்.

இந்த நெல்லுக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் வீதி ஓரமெல்லாம் நெல்லுக் காயும். அவிழ்த்து விட்ட ஆடு அதில் வாய் வைத்தால் நிறுத்தாது. நெல்லு, அரிசி, சோறு எதுவானாலும் பழக்கமில்லாத ஆடு ஒரேயடியாகத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி, அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் சோர்வு, தள்ளாட்டம், புளிச்ச மணத்தோடு கழிச்சல் எல்லாம் வரும். 25 கிலோ ஆட்டுக்கு ஒரு மட்ட மேசைக்கரண்டி அப்பச்சோடா, அதாவது ஏறக்குறைய 15 கிராம், கால் லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள். ஊசி இல்லாத 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் பாமசியில் கிடைக்கும். ஆட்டின் முகம் நிலத்துக்குச் சமமாக இருக்க, கடைவாய்ப் பக்கத்தால் செலுத்தி, ஒவ்வொரு வாயும் விழுங்கினபிறகே அடுத்தது. தின்ன வைக்கல் மட்டும் போடுங்கள். ஆடு விழுந்து படுத்துவிட்டால் சோடாவை நம்பிக்கொண்டிருக்காமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். நாளத்தால் மருந்து ஏற்ற வேண்டி வரும்.

மேளம்போல ஊதியிருந்தால் 50 அல்லது 60 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ அதே மாதிரிக் கொடுத்து, முன்னங்கால் உயரமாக நிற்கிறபடி மேட்டில் ஏற்றி, இடப்பக்கத்தை உருவிவிடுங்கள். வயிற்றுக்குள் இருக்கிற நுரையை எண்ணெய் உடைத்தால் ஏவறை வரும். மூச்சு முட்டுகிற ஊதல் என்றால் வைத்தியரைக் கூப்பிட ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வயிறு நன்றாக உருள்கிறது, ஆனாலும் தின்னவில்லையா? வாயைத் திறந்து பாருங்கள். கொடுப்புக்குள் முள்ளுக் குத்தியிருக்கலாம், உதட்டிலும் நாக்கிலும் புண் இருக்கலாம். புண்ணோடு குளம்பிடுக்கிலும் கொப்புளம் கண்டால் கால்-வாய் நோய் என்று சந்தேகித்து மற்ற ஆடுகளிடமிருந்து உடனே பிரித்துக் கட்டுங்கள். பிறகு கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்தோல் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத்துணி மாதிரி வெளிறி, நாடிக்குக் கீழே தண்ணி கோத்த வீக்கமும் இருந்தால் இரத்தம் குடிக்கிற புழு. மாரி மழைக்குப் பிறகு இது கூடும். பூச்சி மருந்து நிறைக்குத் தக்கபடிதான் வேலை செய்யும், குறைத்துக் கொடுத்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும். காய்ச்சலை விடியப்புறம் நிழலில் வைத்து மலவாயில் பாருங்கள், 101.5 முதல் 103.5 பரனைட் வரை வழமையானது.

சினை ஆடு கடைசி மாதத்தில் தீனை விட்டால், அதுவும் இரட்டைக் குட்டி என்றால், வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றே வைத்தியர். அதேபோல, அடிக்கடி தீன் மறுத்து மெலிகிற ஆட்டின் வயிற்றில் சொப்பின் பையோ லஞ்ச் சீற்றோ திரண்டு கிடக்கலாம். கறி மணத்துக்கு ஆடு அதை அப்படியே விழுங்கும். அது மருந்தால் கரையாது.

காரணம் தீர்ந்தபிறகும் வயிறு மந்தமாகவே இருந்தால் நுண்ணுயிரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். காலையில் ஆடு உரிக்கிற இறைச்சிக்கடையில் சொல்லிவைத்து, சுகமான ஆட்டின் பெருவயிற்றுச் சாற்றைத் துணியால் பிழிந்து, சூடு ஆறமுன் அரை லீற்றர் வாங்கி வந்து சிரிஞ்சால் கொடுங்கள். மணத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், மந்தமான வயிற்றுக்கு இதைப்போல ஒன்று கடையில் இல்லை.

இனித்தான் ஆசைகாட்டல். குழையை நிலத்தில் போடாதீர்கள். மிதித்ததையும் மூத்திரம் பட்டதையும் ஆடு தொடாது. கண்மட்டத்தில் சிறு கட்டாகத் தூக்கிக் கட்டுங்கள். ஆலங்குழை, பலா இலை, பூவரசு, முள்முருக்கு என்று மாற்றி மாற்றிக் காட்டுங்கள். எதை முதல் கடிக்கிறதோ அதையே அன்று கூடக் கொடுங்கள். மரவள்ளிக் குழையில் நஞ்சு உண்டு, அலரி ஒரு பிடியே கொல்லும். பக்கத்தில் தின்கிற ஆடொன்றைக் கட்டினால் பார்த்துத் தானும் கடிக்கும். தண்ணி வாளியைத் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணி வையுங்கள். புதிதாக வாங்கி வந்த ஆடு என்றால், முந்தி நின்ற இடத்தில் தின்ற தீனையே ஓர் உரப்பை நிறையக் கேட்டு வாங்கிவந்து, ஒரு கிழமையாகக் கலந்து மாற்றுங்கள்.

படுத்திருந்து இரை மீட்கத் தொடங்கி, உருண்டையான புழுக்கை விழுந்தால் வயிறு திரும்பிவிட்டது. இருந்தாலும் நாலு நாளைக்குக் குழையும் வைக்கலும் மட்டும். ஐந்தாம் நாள் ஒரு பிடி தவிடு, சுமார் 50 கிராம். பழைய அளவுக்கு வரப் பத்து நாள் எடுங்கள்.