சூப்பர்சார்ஜர் கிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ஜினை விசாரியுங்கள்

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் பெல்ட்டிலேயே ஓடி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துப் பவரைக் கூட்டும் ஊதுகருவி. அதன் கிட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரே கிட் ஒருவர் காரில் வருடக்கணக்காகச் சத்தம் போடாமல் ஓடும், இன்னொருவர் காரில் சில மாதத்திலேயே பிஸ்டனை உடைத்து வைக்கும். ஊதுகிற இயந்திரம் இரண்டிலும் ஒன்றுதான். இன்ஜின் எவ்வளவு தாங்கும், என்ன பெட்ரோல் ஊற்றுகிறீர்கள், சூட்டை எப்படி வெளியேற்றுகிறீர்கள், யார் டியூன் செய்தார் (இன்ஜின் கம்ப்யூட்டரில் பெட்ரோல், தீப்பொறிக் கணக்கை மாற்றி எழுதினார்) என்பதில்தான் கதை மாறுகிறது. அதனால் இந்த வரிசையிலேயே போவோம், எந்த பிராண்ட் என்பது தானாகவே பின்னால் வரும்.

முதலில் உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் உள்ளது எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது. கம்பெனியே சூப்பர்சார்ஜர் வைத்து விற்ற இன்ஜின்களைப் பாருங்கள்: செவர்லேயின் எல்எஸ்ஏ 9.1:1, டாட்ஜ் ஹெல்கேட் 9.5:1. வேண்டுமென்றேதான் குறைத்து வைத்திருக்கிறார்கள், காரணம் சூப்பர்சார்ஜர் சேர்க்கும் கூடுதல் காற்றழுத்தமான பூஸ்ட் வரும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் சேர்ந்து ஏறும், ரேஷியோவும் கூடுதலாக இருந்தால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். நாம் கிட் மாட்டுவது அப்படிக் குறைக்காத இன்ஜினில். செவர்லேயின் எல்எஸ்3 என்றால் 10.7:1, ஃபோர்டின் 5.0 கொயோட்டி ஆரம்பத்தில் 11.0:1 ஆக இருந்து 2018 மாடலில் 12.0:1 ஆனது, டொயோட்டா 86-இன் எஃப்ஏ20 இன்ஜினில் 12.5:1. இவற்றில் எதிலும் சூப்பர்சார்ஜர் போட முடியாது என்று அர்த்தமில்லை, நிறையப் பேர் போட்டு ஓட்டுகிறார்கள். ஆனால் ரேஷியோ ஏற ஏற பூஸ்ட்டுக்கு இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வரும்.

அடுத்து இன்ஜினின் உள்ளுறுப்பு. பிஸ்டன் வார்ப்பா, அதைவிட வலுவாக அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ் வகையா? பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். பூஸ்ட்டின் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், ரிங் விரிய வழியில்லாமல் சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பைப் பெயர்த்துவிடும். ஸ்டாக் இன்ஜினில், அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் இன்ஜினில், அந்த இடைவெளி பூஸ்ட்டை நினைத்து விட்டதல்ல. இதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஸ்டாக் இன்ஜினில் பூஸ்ட்டை 6, 7 பிஎஸ்ஐ-யோடு (அழுத்தத்தை அளக்கும் அலகு) நிறுத்திக்கொள்ளுங்கள், அகலக்கால் வைக்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு பிறவி பலவீனமும் உண்டு. எல்எஸ் இன்ஜின்களில் கிராங்க் புல்லியைப் பிடித்து வைக்க சாவிக்கட்டை (கீ) கிடையாது, போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான். சூப்பர்சார்ஜர் பெல்ட் அதை இழுக்கும்போது புல்லி வழுக்கிவிடாமல் இருக்கத் துளை போட்டு ஒரு உலோக முளை அடிப்பது வழக்கம். கொயோட்டியில் ஆயில் பம்ப் கியர்கள்தான் சந்தேகத்துக்குரியவை. உங்கள் இன்ஜினில் எது முதலில் போகும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கிட் பக்கமே போக வேண்டும்.

இன்ஜின் கொஞ்சம் ஓடியதா? சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் லீக்டவுன் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பணத்தை இன்ஜினுக்குச் செலவழியுங்கள், கிட் காத்திருக்கட்டும்.

பெட்ரோலில் பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. பெரும்பாலான கிட்கள் அமெரிக்காவில் தயாராகின்றன, அவற்றின் டியூன் அங்கே கிடைக்கும் 91 அல்லது 93 ஆக்டேனை (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) நம்பி எழுதப்பட்டது. அமெரிக்க பங்க்கில் போட்டிருக்கும் எண், ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. உலகின் மற்ற பல இடங்களில் பங்க்கில் போடுவது ஆர்ஓஎன் மட்டும். அதனால் அவர்களுடைய 91 என்பது ஏறக்குறைய 95, 96 ஆர்ஓஎன், 93 என்பது ஏறக்குறைய 98. "நம்ம பங்க்கில்தான் 91 இருக்கே" என்று ஆர்ஓஎன் 91-ஐ ஊற்றிக்கொண்டு அமெரிக்க டியூனில் மிதித்தால் நாக் சென்சார் எவ்வளவு நேரம்தான் காப்பாற்றும்?

சரி, இப்போது வகைகள். மூன்று உண்டு: ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ, சென்ட்ரிஃபியூகல்.

ரூட்ஸ் மிகப் பழையது, 1860-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய ஊதுகருவிதான் அதன் மூதாதை. இதற்குள் காற்று அழுத்தப்படுவதில்லை. சுழலும் ரோட்டர்கள் காற்றை வாரி வாரி, சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் தள்ளும், அங்கே போய் நெருக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. அதனால் பழைய ரூட்ஸ் காற்றை நன்றாகச் சூடாக்கும். இன்றைக்குக் கிடைக்கும் ஈட்டன் கம்பெனியின் டிவிஎஸ் என்ற வகையில் ரோட்டருக்கு நாலு இதழ், அதுவும் 160 டிகிரி முறுக்கு, திறனில் பழையதோடு ஒப்பிடவே முடியாது. ட்வின் ஸ்க்ரூ வேறு மாதிரி. இரண்டு திருகுகள் ஒன்றுக்குள் ஒன்று சுழன்று காற்றை உள்ளேயே அழுத்தி அனுப்பும், விப்பிள், கென் பெல் எல்லாம் இந்த ரகம். இரண்டுக்கும் பொதுவான சுகம், ஆக்சிலரேட்டரைத் தொட்ட உடனே 2,000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் வந்து நிற்கும். பெரும்பாலும் இன்ஜினின் தலையில் உட்காருவதால் கீழிருந்து வரும் சூட்டையும் வாங்கிக்கொள்ளும், ட்ராஃபிக்கில் நின்றால் கூடுதலாகவே வாங்கும்.

சென்ட்ரிஃபியூகல் என்பது பெல்ட்டில் ஓடும் டர்போவின் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே கியர் வைத்து இம்பெல்லர் என்ற விசிறிச் சக்கரத்தைச் சுழற்றும், 50,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவது சாதாரணம். ப்ரோசார்ஜர், வோர்டெக் இரண்டும் இதில் பழகிய பெயர்கள். இதில் பூஸ்ட் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 6,500 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ என்றால், அதில் பாதி வேகத்தில் 2 பிஎஸ்ஐ பக்கம்தான் இருக்கும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் பலர், நான் ஸ்டாக் இன்ஜினுக்கு இதை நிறையாகவே பார்க்கிறேன், ஏனென்றால் கனெக்டிங் ராடை வளைப்பது கீழ் ஆர்பிஎம்மில் திடீரென வரும் டார்க்தான். ட்ராக்கில் நீண்ட நேரம் ஓட்டுகிறவர்களுக்கும் இதுவே தோது, சூடு கட்டுக்குள் இருக்கும். தினமும் ஊருக்குள் ஓட்டுகிற வி8 காருக்கு, தொட்டதும் தள்ள வேண்டும் என்றால் சின்ன டிவிஎஸ் அல்லது ட்வின் ஸ்க்ரூ. உயர் ஆர்பிஎம்மில் பாடுகிற சின்ன நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு, குணம் கெடாமல் இருக்க சென்ட்ரிஃபியூகல்.

சூட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 7 பிஎஸ்ஐ-க்குக் கொஞ்சம் மேலே பூஸ்ட் சேர்த்தால் அழுத்தம் ஒன்றரை மடங்கு. வெளியே 30 டிகிரி செல்சியஸ் என்றால், எந்த நஷ்டமும் இல்லாத கற்பனைக் கருவியில்கூட இந்த அழுத்தத்துக்குக் காற்று 37 டிகிரி ஏறியே தீரும், அது இயற்பியல். திறன் 75 சதவீதமுள்ள கருவியில் 50 டிகிரி ஏறி 80-இல் நிற்கும், 55 சதவீதமுள்ளதில் 68 டிகிரி ஏறி 98-க்குப் போய்விடும். ஒரே பூஸ்ட், பானட்டுக்குள் 18 டிகிரி வித்தியாசம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, போதாததற்கு நாக்கிங்கையும் கூட்டிக்கொண்டு வரும், உடனே இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும், வாங்கிய குதிரைகள் அங்கேயே கழன்றுகொள்ளும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத கிட் மலிவாகக் கிடைக்கிறதென்றால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்டர்கூலரிலும் இரண்டு விதம். சென்ட்ரிஃபியூகலில் காற்றால் குளிரும் இன்டர்கூலர் முன்பக்கம் உட்காரும், பராமரிப்பே கிடையாது. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ கிட்களில் பெரும்பாலும் மேனிஃபோல்டுக்குள் நீரால் குளிரும் கட்டை, முன்னால் ஒரு தனி ரேடியேட்டர், நடுவே ஒரு மின் பம்ப். பம்ப் நின்றுபோனால் காரில் எந்த விளக்கும் எரியாது, காற்று மட்டும் சூடாகிக்கொண்டே போகும். அதனால் அந்த ரேடியேட்டரின் அளவையும் பம்ப்பின் தரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கிட் கம்பெனிகள் கையைச் சுருக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூஸ்ட் எண் என்பது இன்ஜின் விழுங்க முடியாமல் மேனிஃபோல்டில் நிற்கும் காற்றின் அழுத்தம். அதே கிட்டோடு, புகையை வெளியேற்றும் நல்ல எக்ஸாஸ்ட் ஹெடரும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் போட்டால் மீட்டரில் பிஎஸ்ஐ குறையும், பவர் ஏறும். இரண்டு கிட்களை பிஎஸ்ஐ வைத்து மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒன்றரை மடங்கு அழுத்தம் என்றால் ஒன்றரை மடங்கு பவர் என்பதும் இல்லை, சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே இன்ஜின் கொஞ்சம் பவர் கொடுக்க வேண்டும். ஹெல்கேட்டில் அதற்கு மட்டும் ஏறக்குறைய 80 குதிரைத்திறன் போகிறது.

இப்போது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "டியூனர் கிட்" என்ற பெயரில் வருவதில் இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், டியூன் மூன்றும் இருக்காது. விலை குறைவாகத் தெரிவது அதனால்தான், மற்றதெல்லாம் உங்கள் தலையில். இன்ஜெக்டர் போதுமா என்று நீங்களே கணக்குப் போடலாம். 430 குதிரைத்திறன் எல்எஸ்3-ஐ 580-க்குக் கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். பூஸ்ட் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.62 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 360 பவுண்டு, எட்டு சிலிண்டருக்குப் பிரித்தால் 45. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, ஆக 53 பவுண்டு இன்ஜெக்டர் வேண்டும். ஸ்டாக்கில் வருவது 42 பக்கம். பற்றாது. ஈ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) ஊற்றும் எண்ணம் இருந்தால் இதன்மேல் இன்னும் 30 சதவீதம் சேர்க்க வேண்டும். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் உயர் அழுத்த பம்ப்பும் சேர்ந்து முட்டுக்கட்டை போடும், அதற்கு கிட் என்ன வழி வைத்திருக்கிறது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் ஸ்டாக் மேப் சென்சாரும் பல கார்களில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் படிக்காது, பூஸ்ட்டைப் படிக்கும் சென்சார் கூடவே வருகிறதா என்று பாருங்கள். கூட வரும் ரெடிமேட் டியூன் ஸ்டாக் காருக்கு எழுதியது, நீங்கள் ஹெடர் போட்டிருந்தால்கூட அது உங்கள் காருக்கானதல்ல. உங்கள் இன்ஜினில், இதே வகைக் கருவியில் வேலை செய்து பழகிய டியூனரை முதலில் பிடியுங்கள், எந்த கிட் வாங்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். நாளைக்கு லேப்டாப்போடு உட்காரப் போவது அவர்தான். நாக்கிங், காற்றின் வெப்பம், வைட்பேண்ட் சென்சாரில் எரிபொருள் கலவை மூன்றின் பதிவையும் காட்டாமல், பவரை அளக்கும் டைனோவின் காகிதத்தை மட்டும் நீட்டுகிற டியூனரிடம் போக வேண்டாம்.

பெல்ட்டையும் எண்ணிப் பாருங்கள். ஆறு வரிப் பெல்ட்டில் ஸ்டாக் துணைக்கருவிகள் எல்லாம் ஓடும்போது சூப்பர்சார்ஜரையும் அதிலேயே தொங்கவிட்டால் குறைந்த பூஸ்ட்டுக்குச் சரி, புல்லியைச் சின்னதாக்கினால் வழுக்க ஆரம்பிக்கும். எட்டு அல்லது பத்து வரித் தனிப் பெல்ட் உள்ள கிட் என்றால் பிறகு கூட்டுவதற்கு இடமிருக்கும். பானட் மூடுமா, சஸ்பென்ஷன் டவர்களை இணைக்கும் கம்பி இடிக்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். சென்ட்ரிஃபியூகலில் சில மாடல்கள் இன்ஜினின் ஆயிலையே பகிர்ந்துகொள்ளும், அதற்கு ஆயில் பேனில் துளை போட வேண்டும், சில மாடல்கள் தன் ஆயிலைத் தானே வைத்துக்கொள்ளும். துளை பிடிக்காதவர்கள் இரண்டாவதை எடுங்கள், அதற்கு ஆயில் மாற்றும் கெடுவை மட்டும் மறக்கக் கூடாது.

செலவில், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் பிளக், கிளட்ச், ஆயில் கூலர், டயர், டியூனுக்கான கூலி, எல்லாவற்றையும் கூட்டிவிட்டு மிச்சமிருக்கும் பணத்தில் கிட் தேடுங்கள். வாரண்டியும் இன்சூரன்ஸும் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாசு விதி கடுமையான இடமென்றால், கலிஃபோர்னியாவின் காற்று மாசு அமைப்பான கார்ப் தரும் இஓ (அனுமதி ஆணை) எண் உள்ள கிட் சோதனையில் தேறியது என்று அர்த்தம், ஆனால் அந்த எண் எந்த மாடல், எந்த வருடக் காருக்குத் தரப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய கிட் வாங்குவதாக இருந்தால் போட்டோவை நம்பாதீர்கள். மூடியைக் கழற்றி டார்ச் அடித்து ரோட்டரின் பூச்சு உரிந்திருக்கிறதா, உறையில் உரசிய கோடு இருக்கிறதா என்று பாருங்கள், கையால் சுற்றும்போது சொரசொரப்பு இருந்தால் பேரிங் போய்விட்டது. ஈட்டன் வகையில் மூக்குப் பகுதியில் கடகடவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், பல நேரம் அது உள்ளே இருக்கும் இணைப்பான கப்ளர்தான், மாற்றிவிடலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பிராக்கெட், ஐட்லர் புல்லி, போல்ட் வரை ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஒரு பிராக்கெட் குறைந்தாலும், அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றால் அதைத் தனியாக வார்த்துச் செய்ய வேண்டிவரும்.