புது வாட்சும் ஒரு மயிரிழையும்

விலை கூடிய வாட்ச் ஒன்றை வாங்கி வந்த கையோடு செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு: லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேசை விளக்குக்கு அடியில் உட்காருவது. நான் உட்கார்ந்தேன். என் தொழில் அப்படி. இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். விட்டுப்போன ஒற்று, இடம் மாறிய கால்புள்ளி, ஒரு பக்கத்தில் மட்டும் அரைப் புள்ளி சிறுத்துவிட்ட எழுத்து, இவற்றைத் தேடித் தேடி என் கண்ணுக்கு வேறு வேலையே தெரியாமல் போய்விட்டது. அச்சுப் புள்ளிகளைப் பார்க்க வாங்கிய பத்து மடங்கு லூப் எப்போதும் மேசைமேல் கிடக்கும். ஆறு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய டைவர் வாட்சை (நீரில் மூழ்குபவர்களுக்கான வகை), மூன்றாம் நாள் ராத்திரி அந்த லூப்புக்குக் கீழே வைத்தேன்.

பெசலில், அதாவது கண்ணாடியைச் சுற்றித் திருகுகிற வளையத்தில், 12-க்கு நேர் மேலே நிற்க வேண்டிய முக்கோணம் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி நின்றது. நான்கு மணிக் குறிக்குப் பக்கத்தில் டயல்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. தூசியோ பெயின்ட் துணுக்கோ. நிமிட முள்ளின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் மெருகு குறைவு. போதாக்குறைக்கு ஒரு நாளைக்கு 7 விநாடி முந்தி ஓடியது. அன்றைக்குத் தூக்கம் போயிற்று. அதன்பிறகு இரண்டு மாதம் நான் செய்ததில் உருப்படியானவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதனோடு வாழலாம், எதனோடு வாழக்கூடாது என்று பிரித்துவிடுங்கள். வாட்சைக் கெடுக்கிற குறை வேறு, கண்ணை உறுத்துகிற குறை வேறு. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தால் அன்றைக்கே சர்வீஸுக்குப் போக வேண்டும். ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். (குளிரிலிருந்து வெக்கைக்கு வரும்போது வெளிப்பக்கம் மங்கலாகிறதே, அது துடைத்தால் போய்விடும், கவலை வேண்டாம்.) கிரவுன், அதாவது பக்கத்தில் இருக்கிற சாவித் திருகு, மரைக்குள் சரியாக இறங்காவிட்டாலும், முழுதாகச் சாவி கொடுத்தும் சில மணி நேரத்தில் நின்றுபோனாலும், முள்கள் ஒன்றோடொன்று உரசினாலும், டயல்மேல் இருக்கிற தூசி இடம் மாறினாலும் அதேதான். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற தூசி அழகுக் குறை மட்டுமே. நேற்று நான்குக்குப் பக்கத்தில் இருந்து இன்றைக்கு ஏழுக்குப் பக்கத்தில் இருக்கிற தூசி, என்றைக்காவது ஒருநாள் முள்ளுக்கு அடியிலோ பல்சக்கரத்துக்கு நடுவிலோ போய் உட்காரலாம். ஒரு வாரம் தினமும் ஒரே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்தால் தெரிந்துவிடும். என்னுடையது அசையவில்லை.

மிச்சமெல்லாம் கண்ணை உறுத்துகிற குவியல். இதில் நாம் கண்ட குறைகளில் பாதி குறையே இல்லை, நாம் பார்த்த விதம்தான் கோளாறு. பெசல் டயலைவிட உயரத்தில் இருக்கிறது. முள்ளும் டயலுக்கு மேலே நிற்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் ஒன்று மற்றதைவிட்டு விலகினமாதிரி தெரியும். அதனால் வாட்சைத் தட்டையாக வைத்து, ஒரு கண்ணை மூடி, நேர் மேலிருந்து பாருங்கள். உங்கள் கண்ணின் பிம்பம் கண்ணாடியின் நடுவில் விழுந்தால் நேராகப் பார்க்கிறீர்கள். போட்டோ எடுப்பதானால் போனை ஒட்டிவைத்து எடுக்காதீர்கள். கிட்டத்தில் லென்ஸ் ஓரங்களை இழுத்துக் காட்டும். ஒரு முழம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

சரி, முக்கோணத்துக்கு வருவோம். என் வாட்சின் பெசல் ஒரு சுற்றுக்கு 120 சொடுக்கு. அப்படியென்றால் ஒரு சொடுக்குக்கு 3 பாகை, அரை நிமிட அளவு. இரண்டு சொடுக்குக்கு நடுவில் ஒரு நிலையில் நிறுத்த முடியாது. ஆகவே சில வாட்சுகளில் முக்கோணம் ஒன்று கொஞ்சம் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் கொஞ்சம் அந்தப் பக்கம். அதோடு, சொடுக்கு விழுந்த பிறகும் பெசலில் சின்ன ஆட்டம் இருக்கும். ஒரு முழுச் சுற்று சுற்றி, 12-இல் சொடுக்கு விழுந்ததும் விரலால் லேசாகப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நான் தள்ளினதில் விலகலில் பாதி மறைந்தது. பாக்கிப் பாதி இன்றைக்கும் இருக்கிறது.

நிமிட முள் குறியில் சரியாக நிற்கவில்லை என்று தோன்றினால், அது நேரம் வைத்த விதத்திலும் இருக்கலாம். பல்சக்கரங்களுக்கு நடுவில் கொஞ்சம் தளர்வு உண்டு. கிரவுனை இழுத்ததும் விநாடி முள் நிற்கிற வாட்ச் என்றால், விநாடி முள்ளை 12-இல் நிறுத்துங்கள். நிமிட முள்ளை வேண்டிய குறிக்குச் சில நிமிடம் தாண்டிக் கொண்டுபோய், மெல்லப் பின்னுக்குக் கொண்டுவந்து குறிமேல் வைத்து, கிரவுனை அழுத்துங்கள். சில மூவ்மென்ட்டுகளுக்கு (வாட்சுக்குள் ஓடுகிற இயந்திரத்துக்கு அப்படிப் பெயர்) நேர்மாறாகச் செய்தால்தான் முள் நழுவாமல் இருக்கும். இரண்டு விதமாகவும் செய்து பார்த்து, உங்கள் வாட்சுக்கு எது ஒத்துவருகிறதோ அதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விநாடி முள் குறிகளில் துல்லியமாக நிற்கவில்லை என்பது சாவி வாட்சில் புகாரே இல்லை. மணிக்கு 28,800 அதிர்வு என்றால் விநாடிக்கு 8 சின்ன நகர்வு. அது எங்கேயும் நிற்பதற்காக ஓடவில்லை. பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸில் ஒரு பக்கக் குறிகளில் சரியாகவும் மறுபக்கத்தில் கொஞ்சம் தள்ளியும் விழுவது சாதாரணம். தேதியும் நள்ளிரவு டாணென்று மாறாது, சில நிமிடம் முன்பின் ஆகும். அதைத் திருத்துகிறேன் என்று இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியைக் கிரவுனால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைப் பல் பிடித்திருக்கும், உடைத்துவிடுவீர்கள். இல்லாத குறையைச் சரிசெய்யப் போய் உண்மையான குறையை உண்டாக்கிக்கொள்கிற வழிகளில் இது முதலிடம்.

இப்போது அந்த 7 விநாடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. சுவிட்சர்லாந்தின் காஸ்க் நிறுவனம் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்றிதழ் கொடுக்க ஒரு மூவ்மென்ட்டை 15 நாள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் ஓடவிட்டுப் பார்க்கிறது. தேறுவதற்கான சராசரி அளவு நாளைக்கு 4 விநாடி பிந்துவது முதல் 6 விநாடி முந்துவது வரை. அதாவது தினமும் 6 விநாடி முந்துகிற, மாதம் 3 நிமிடம் தள்ளிப்போகிற வாட்சும் சான்றிதழ் பெற்றதுதான். அதுவும் மூவ்மென்ட்டைக் கூட்டுக்குள் வைப்பதற்கு முன்னால் செய்கிற சோதனை. சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் சோதனை இன்னும் கறார். கூட்டோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், 0 முதல் 5 விநாடி வரை முந்தலாம், பிந்தவே கூடாது. எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. முந்தினால் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், பிந்தினால் பஸ் போய்விடும்.

கணக்குப் பார்ப்பதானால் ஒழுங்காகப் பாருங்கள். மணிக்கொருதரம் போனோடு ஒப்பிடுவது வியாதி. நான் ஒரு பழைய டைரியில் 14 நாள், காலை 9 மணிக்கு ஒரேயொரு தடவை, எத்தனை விநாடி என்று குறித்தேன். முதல் வாரம் ராத்திரியில் டயல் மேலே பார்க்கும்படி வைத்தேன். இரண்டாவது வாரம் கிரவுன் மேலே பார்க்கும்படி, பக்கவாட்டில் நிறுத்தினேன். வாட்சின் வேகத்தை நிர்ணயிக்கிற பேலன்ஸ் வீல் ஒவ்வொரு கிடையிலும் வெவ்வேறு வேகத்தில் ஆடும். எந்தக் கிடையில் முந்தும், எதில் பிந்தும் என்பது வாட்சுக்கு வாட்ச் மாறும். என்னுடையது நிமிர்ந்து நின்ற இரவுகளில் பின்வாங்கியது. 7 என்பது 3 ஆயிற்று. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், வாட்ச் தூங்கும் கிடையை மட்டும் மாற்றிச் செய்த வைத்தியம் இது.

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென்று நாளைக்கு நிமிடக்கணக்கில் முந்துகிறதா? பெரும்பாலும் காந்தம்தான். பேலன்ஸ் வீலோடு சேர்ந்து ஆடுகிற மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஸ்பிரிங் குட்டையானமாதிரி வேலை செய்து வேகம் கூடிவிடும். டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பூட்டு, ஸ்பீக்கர், இவற்றின்மேல் வாட்சைக் கழற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். காந்தம் நீக்குகிற கருவியில் வைத்தால் சில விநாடி வேலை.

வெள்ளைப் புள்ளிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பொறுக்கமாட்டாமல், முன்பு அப்பாவின் வாட்சைப் பார்த்துக்கொடுத்த ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் வெறுங்கண்ணால் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் லூப்பை மாட்டிக்கொண்டு அரை நிமிடம்.

“இது இருக்குன்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?”

“நானேதான் ஐயா பார்த்தேன்.”

“எத்தனை மடங்கு?”

“பத்து.”

“நான் பத்து வச்சுப் பார்க்கறேன்னா எனக்கு அது சோறு. உங்களுக்கு என்னத்துக்கும்மா?” வாட்சைத் துணிமேல் வைத்தார். “திறந்தா இந்தப் புள்ளி போயிடும். வேற ஒண்ணு வராதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அதோட வாரண்டி இருக்கிற வாட்சை நான் திறக்கவும் மாட்டேன்.”

அவர் சொன்னதில் மூன்று விஷயம் அடங்கியிருந்தது. பின்மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும், தண்ணீர் புகாத சோதனையை மறுபடி செய்ய வேண்டும். டயல்மேல் இருக்கிற புள்ளியை எடுக்க மூவ்மென்ட்டையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும், சில சமயம் முள்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது, வாரண்டிக் காலத்தில் வெளியாள் திறந்தால் கம்பெனி கைகழுவிவிடும். ஆகவே வெறுங்கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்காக வாட்சைத் திறக்காதீர்கள். தெரிகிற புள்ளி என்றால், அதிகாரபூர்வ சர்வீஸ், வாரண்டிக்குள், எழுத்தில்.

எழுத்தில் என்றால் எப்படி? இதில் எனக்கு அனுபவம் உண்டு, ஆசிரியர்களுக்குத் திருத்தம் அனுப்பியே வயசானவள். ஐந்து குறையைப் பட்டியல் போட்டால் ஐந்தும் நச்சரிப்பாகத் தெரியும். ஆக முக்கியமான ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நேர் மேலிருந்து எடுத்த போட்டோ, வாங்கிய தேதி, ஓட்டம் பற்றியதானால் அந்தப் பதினாலு நாள் குறிப்பு. முடிந்தவரை சீக்கிரம், பிரேஸ்லெட்டில் கீறல் விழுவதற்கு முன்னால் போய்விடுங்கள். மாற்றித் தருகிறோம் என்றால், மாற்று வாட்சைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு தலையாட்டுங்கள். அதில் வேறொரு முக்கோணம் இருக்கலாம். நான் பெசலைப் பற்றி மட்டும் எழுதினேன். அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. கோபம் வந்தது, ஒரு நாள் இருந்தது, போய்விட்டது.

முதல் கீறல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு விழுந்தது பதினோராம் நாள், கொக்கியின் அடிப்பக்கத்தில், மேசை விளிம்பில் உரசி. சபையர் கண்ணாடி, கடினத்தைச் சொல்கிற மோஸ் அளவில் 9. வைரத்துக்கு அடுத்த படி. எஃகு அதற்கு எவ்வளவோ கீழே. ஆகவே கண்ணாடி பிழைக்கும், உலோகம் கீறும். கண்ணாடியில் கோடு தெரிந்தால் உடனே பதறவேண்டாம்: அது பல சமயம் வேறு உலோகம் உரசி ஒட்டிய தடம், பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடும். வெளிப்பக்கம் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிற கண்ணாடியில் மட்டும் பூச்சே கீறியிருக்கலாம். உலோகக் கீறலுக்காக ஒவ்வொரு தடவையும் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். பாலிஷ் என்பது கீறலைச் சுற்றி இருக்கிற உலோகத்தைச் சீவி எடுப்பது. நாலு தடவை போட்டால் கூர்மையான விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், சேகரிப்பவர்கள் சில குறைகளுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகிப்போன பழைய கறுப்பு டயலுக்கு டிராபிகல் டயல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ரோலெக்ஸ் டேடோனா 16520 என்ற மாடலில் 1990-களில் வந்த சிலவற்றில் சின்ன டயல்களின் வளையங்கள் காலப்போக்கில் பழுப்பேறின. அதைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். என் முக்கோணத்துக்கு அந்த யோகம் அடிக்கும் என்று நான் நம்பவில்லை. தொழிற்சாலைக் கோணல் வேறு, வயசு கொடுத்த நிறம் வேறு.

லூப்பை நான் மேசைமேலிருந்து எடுத்துக் கீழ் இழுப்பறையில் போட்டேன். வேலைக்கு வேண்டும்போது எடுப்பேன், ஆனால் எடுக்கும்போது வாட்சைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். கேட்க அசட்டுத்தனம்தான், ஆனால் அந்த இரண்டு மாதத்தில் செய்த எல்லாவற்றையும்விட இது வேலை செய்தது. அப்புறம், ஒரு வாரம் பிரேஸ்லெட்டைக் கழற்றித் துணி ஸ்ட்ராப் போட்டுக்கொண்டேன். கண் முக்கோணத்தை விட்டுவிட்டுப் புது நிறத்தைப் பார்க்கப் போய்விட்டது.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் வாட்சைப் பார்க்கக் கேட்டான். கழற்றிக் கொடுத்து, இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இந்தத் தேதிதானே மேடம்? கட்டத்துக்கு நடுவுல இல்லையே, கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது. பதினாலு மாதமாக அதே தேதியைப் பார்த்துத்தான் புரூஃபில் கையெழுத்துப் போடுகிறேன்.