மனு எழுதுவதற்கு முன்னால் நமக்குள் பேசி முடிக்க வேண்டியவை

வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக விழும் கட்டைவிரல்களை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பாதிப் பேர் படிக்காமலே போடுவது அது. நேரில் கூடுங்கள். பெங்களூரில் அல்சூர் மாதிரி பகுதியில் நடைபாதையைச் சரிசெய்ய மாநகராட்சியிடம் கேட்கப் போகிறீர்கள் என்றால் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் ஞாயிறு காலை கூடிப் பேசியது போதாது. வாடகைக்கு இருப்பவர், கடைக்காரர், பூக்காரம்மா எல்லாரும் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மனு கொடுத்த மறுநாளே அவர்கள் எதிர் மனுவோடு நிற்பார்கள்.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் வரப்போகிறது என்றபோது, மரத்துக்காக வந்தவர், செலவைக் கேட்டு வந்தவர், அதற்குப் பதில் பஸ்ஸும் ரயிலும் விடுங்கள் என்றவர், எல்லாரும் 'பாலம் வேண்டாம்' என்ற ஒரே பேச்சில் அக்டோபர் 16 அன்று மனிதச் சங்கிலியில் கைகோத்தார்கள். மாற்று என்ன என்பதில் முதலில் முடிவுக்கு வரலாம் என்று உட்கார்ந்திருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது (பசுமைத் தீர்ப்பாயத்தின் தடை, அரசியல் எல்லாம் சேர்ந்துதான்).

கூட்டத்தில் "யாருக்குச் சம்மதம்?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "இதில் எதை உங்களால் ஏற்கவே முடியாது?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். சும்மா பிடிக்கவில்லை என்பவரை விட்டுவிடலாம். பிழைப்பு போகும் என்பவருக்காக வாசகத்தையே மாற்றத்தான் வேண்டும். நடைபாதை விஷயத்தில் இது கட்டாயம் வரும், ஏனென்றால் 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். 'தள்ளுவண்டிகளை அகற்று' என்று எழுதினால் சட்டத்துக்கே எதிரான மனு. 'நடக்க வழி விட்டு, வியாபாரத்துக்கு இடம் குறித்துக் கொடு' என்றால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும்.

ஒத்துவராத விஷயங்களையும் தனித் தாளில் எழுதி வையுங்கள், நிருபர் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லாமல் இருக்க அது உதவும். யார் பேசுவது, அதிகாரி பாதி தருகிறேன் என்றால் எதுவரை இறங்கலாம், இதெல்லாம் முன்பே முடிவாகட்டும். அப்புறம், கூட்டம் தமிழில் நடக்கட்டும், மனு கன்னடத்தில் போகட்டும். மொழிபெயர்த்ததை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். 2025-ல் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால் உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.