பென்சில், பகடை, ஒரு கித்தா கொட்டை: இணைய வலையை நோட்டில் வரைந்து பார்ப்பது எப்படி

ஒரு பழைய கணக்கு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில், அழிரப்பர், கைப்பேசி, ஒரு பகடை, ஒரு கித்தா (ரப்பர் மரத்து) கொட்டை. கொட்டை கிடைக்காத ஊரில் இருந்தால் புளியங்கொட்டையும் சரிதான். பேனா மட்டும் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். வகுப்பு என்று பெரிய பெயர் எல்லாம் வேண்டாம், கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்காருவோம், மடிக்கணினி ஒன்றே ஒன்றுதான், அதனால்தான் நோட்டும் பென்சிலும். வறுமையில் பிறந்த முறை என்றாலும் இப்போது பத்து மடிக்கணினி கொடுத்தாலும் இதை விடமாட்டேன், ஏனென்றால் திரையில் பார்க்கும்போது ஒரு பக்கம்தான் தெரியும், வலை தெரியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டவர், கேபிள், கடலடியில் போகும் கம்பி, இதெல்லாம் இணையம். தோட்டத்துச் செம்மண் ரோடு மாதிரி. அந்த ரோட்டில் நின்று "தச்சர் வீடா? கோயிலைத் தாண்டி இரண்டாவது லயம், அங்கே போய்க் கேளு" என்று ஒருவர் கை நீட்டுகிறாரே (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்), அதுதான் வலை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கை நீட்டிக் காட்டுவது. 1989-ல் ஜெனீவாவில் சேர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இதை முன்வைத்தபோது எடுத்த ஒரு முடிவுதான் எல்லாவற்றுக்கும் வேர்: கை நீட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம், நீட்டப்பட்டவருக்குத் தகவலும் போகாது. நான் உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் வீடு மாறிப் போய்விட்டால் எனக்கும் தெரியாது, நான் பாட்டுக்கு ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொண்டே நிற்பேன். இது குறை மாதிரித் தெரிந்தாலும் வலை இவ்வளவு வேகமாகப் பெருத்தது இதனால்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் இன்னும் நாம் படிவம் நிரப்பிக்கொண்டு இருப்போம்.

வரைய ஆரம்பிக்கலாம்

தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறங்கள். நோட்டின் நடுவில் ஒரு வட்டம் போட்டு ஊர்ப் பெயரை எழுதுங்கள். கட்டுரைக்குள் முதலில் வரும் பத்து இணைப்புகளை எடுத்து, பத்து வட்டம், பத்து அம்புக்குறி. அந்தப் பத்தில் ஏதாவது மூன்றைத் திறந்து அதேபோல வரையுங்கள். மூன்றாவது பக்கத்துக்கு வரும்போதே கை வலிக்கும், ஆனால் ஒன்று கவனிப்பீர்கள்: புது வட்டம் போட வேண்டிய தேவை குறைந்துகொண்டே வரும். எங்கள் ஊருக்கு வரைந்தால் "மலேசியா", "பேராக்" (எங்கள் மாநிலம்) என்ற வட்டங்களுக்குள் அம்பு மேல் அம்பாகப் போய்க் குத்தும். நோட்டில் அந்த இடம் கறுத்துவிடும்.

இப்போது திரும்பி வாருங்கள். விக்கிப்பீடியாவின் கருவிப் பட்டியலில் "இப்பக்கத்தை இணைத்தவை" என்று ஒன்று இருக்கும், பலர் அதைத் தொட்டே இருக்கமாட்டார்கள். அதை அழுத்தினால் உங்கள் ஊர்ப் பக்கத்தை நோக்கி யார் யார் கை நீட்டுகிறார்கள் என்று தெரியும். ஓர் எச்சரிக்கை: கட்டுரைக்கு அடியில் "பேராக் மாநில ஊர்கள்" என்பது போல ஒரு பெட்டி இருந்தால், அந்தப் பெட்டியைப் போட்ட ஊர்ப் பக்கங்கள் எல்லாம் தானாகவே ஒன்றையொன்று காட்டிக்கொள்ளும். அதை நம்பி எங்கள் ஊர் பெரிய ஊர் என்று மார் தட்டாதீர்கள். யாரோ ஒருவர் எழுதும்போது நினைத்துப் போட்ட இணைப்பை மட்டும் எண்ணுங்கள்.

நோட்டில் இரண்டு பத்தி: போவது, வருவது. போவது உங்கள் கையில் இருக்கிறது, நாளைக்கே நூறு சேர்க்கலாம். வருவது ஊரார் கையில்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளி முன்னாள் மாணவர்களுக்காக ஒரு தளம் செய்தேன். பழைய படங்கள், தோட்டத்தின் பெயர்கள், யார் எந்த லயத்தில் இருந்தார்கள் என்ற கதை, அதோடு நாற்பது நல்ல தளங்களுக்கு இணைப்பு. ஆறு மாதம் ஈ காக்கை இல்லை. நாற்பது பேரைக் கை நீட்டிக் காட்டுகிறேன், என்னைக் காட்ட ஓர் ஆள் இல்லை. ஓர் இதழின் தளத்தில் கெஞ்சிக் கேட்டு இணைப்பு வாங்கினேன். வாங்கினேனா, முகவரியில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த இரண்டு மாதம், நான்கு மின்னஞ்சல்.

ஏன் சிலருக்கு மட்டும் கொட்டுகிறது

கித்தா நடும்போது கயிறு பிடித்து, அடி அளந்து, நிரை நிரையாக நட்டார்கள். எந்த மரத்தடியில் நின்றாலும் அக்கம்பக்கம் ஒரே மாதிரி இருக்கும். வலையை அப்படிக் கயிறு பிடித்து யாரும் நடவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் இரண்டு ஒட்டுக்கடை இருக்கிறது என்று வையுங்கள். வெளியூர் ஆள் எதில் பசியாறுவார்? கூட்டம் இருக்கிற கடையில்தான். அவர் உட்கார்ந்ததும் கூட்டம் இன்னும் ஒன்று கூடிவிட்டது, அடுத்த ஆளும் அங்கேதான் போவார். தோசை இரண்டு கடையிலும் ஒன்றுதான், சொல்லப்போனால் காலியாக இருக்கிற கடையில் சட்னி மேல்.

1999-ல் அமெரிக்காவின் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தில் பராபாசி, ஆல்பர்ட், ஜியோங் மூவரும் தங்கள் பல்கலைக்கழகத் தளத்தை ஒரு நிரலை விட்டு எண்ண வைத்தார்கள். 3,25,729 பக்கங்கள், 14,69,680 இணைப்புகள். வகுத்தால் பக்கத்துக்கு நாலரை வரும். ஆனால் அந்த நாலரை யாருக்கும் உதவாத எண். பெரும்பாலான பக்கங்களுக்கு ஒன்றோ இரண்டோ, ஒரு சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில். திருவிழா வரிசையில் நிற்பவர்களின் சராசரி உயரம் ஐந்தரை அடி என்றால் அதற்கு அர்த்தம் உண்டு, நூறடி மனிதன் வரமாட்டான். வலையில் நூறடி மனிதர்கள் வருவார்கள். கூட்டம் இருக்கிற கடைக்கே கூட்டம் சேர்வதால் இப்படி ஆகிறது என்று பராபாசியும் ஆல்பர்ட்டும் அதே ஆண்டு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லா வலைப்பின்னலும் இந்தச் சூத்திரத்துக்குள் அடங்கும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். 2019-ல் பிராய்டோ, கிளாசெட் இருவரும் ஏறக்குறைய 1,000 வலைப்பின்னல்களைச் சோதித்தார்கள். அந்தச் சூத்திரத்துக்கு உறுதியாகப் பொருந்தியவை கொஞ்சம்தான். ஏற்றத்தாழ்வு இருப்பது உண்மை, அதன் கணக்கு இடத்துக்கு இடம் மாறும்.

அம்புக்குறிக்குத் திசை இருப்பதையும் மறக்கக்கூடாது. சுங்கை என்றால் ஆறு, எனவே ஆற்றையே வைத்துச் சொல்கிறேன். மேலே சின்னச் சின்ன ஓடைகள், நடுவில் ஓர் ஏரி, ஏரியிலிருந்து கீழே போகும் வாய்க்கால்கள், இதில் எதிலும் சேராமல் மழைநீர் தேங்கின குட்டைகள். 2000-ல் அல்டாவிஸ்டா தேடுபொறி திரட்டிய சுமார் 200 மில்லியன் பக்கங்களை வைத்து வலையை வரைந்தபோது இந்த உருவம்தான் கிடைத்தது. ஏரிக்குள் இருப்பவை 28 விழுக்காடு, அவற்றில் எதிலிருந்தும் எதற்கும் போய் வரலாம். ஓடைகளிலிருந்து ஏரிக்குப் போகலாம், ஏரியிலிருந்து ஓடைக்குத் திரும்ப முடியாது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கங்களைத் தொட்டால், முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வழி இருக்க வாய்ப்பு 24 விழுக்காடுதான். வழி இருந்தால் சராசரியாக 16 சொடுக்கு. "எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது" என்று பேசுகிறவர்களிடம் இந்த 24-ஐச் சொல்லுங்கள். என் தளம் ஓடை. நாற்பது அம்பு ஏரிக்குள் விட்டேன், ஏரியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

குறுக்குவழிகளைப் பற்றிச் சுருக்கமாக. லயத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனாலேயே புதுச் சேதி அங்கே பிறக்காது. சிங்கப்பூர் ஃபேக்டரியில் வேலை காலி என்ற சேதியை மாதம் ஒருமுறை வருகிற லோரி ஓட்டுநர்தான் கொண்டு வருவார். இதை 1973-ல் சமூகவியலாளர் கிரனோவெட்டர் வேலை தேடுகிறவர்களை வைத்தே ஆராய்ந்து எழுதினார். 1998-ல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் இருவரும் இப்படிச் சில குறுக்குவழிகள் விழுந்தாலே முழு வலையும் சுருங்கிவிடும் என்று கணக்கில் காட்டினார்கள். உங்கள் நோட்டில் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஒற்றையாக ஓடும் அம்பு எது என்று பாருங்கள், அதைச் சிவப்பாக்குங்கள்.

கொட்டையை உருட்டுவோம்

பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் இதுதான். தேடுபொறி எதை மேலே வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறது? 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்த, கூகுளைத் தொடங்கிய பிரின், பேஜ் இருவரும் சொன்ன வழியைப் பாயில் உட்கார்ந்தே செய்யலாம்.

ஐந்து வட்டம், 1 முதல் 5 வரை எண் போட்டு: பள்ளி, கோயில், கடை, பந்துக் குழு, சமையல். கோயில் பள்ளியைக் காட்டுகிறது. கடையும் பள்ளியைக் காட்டுகிறது. பந்துக் குழு பள்ளியையும் கடையையும் காட்டுகிறது. சமையல் கடையைக் காட்டுகிறது. பள்ளி கோயிலை மட்டும் காட்டுகிறது. ஆக, பள்ளிக்கு மூன்று அம்பு, கடைக்கு இரண்டு, கோயிலுக்கு ஒன்றே ஒன்று.

கொட்டையை எங்காவது வைத்துப் பகடையை உருட்டுங்கள். 1 முதல் 5 வரை விழுந்தால் அம்பு வழியே நகர்த்துங்கள், இரண்டு அம்பு இருந்தால் காசு சுண்டிப் போடுங்கள். 6 விழுந்தால் அம்பை மறந்துவிட்டு இன்னொரு முறை உருட்டி, 1 முதல் 5 வரை விழும் எண்ணுக்குரிய வட்டத்துக்குத் தாவுங்கள் (அதிலும் 6 விழுந்தால் திரும்ப உருட்டவும்). அவர்கள் தங்கள் கட்டுரையில் தாவுவதற்கு வைத்த பங்கு 15 விழுக்காடு, பகடையின் ஆறில் ஒன்று ஏறக்குறைய 17, நமக்குப் போதும். தாவல் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் கொட்டை பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வெளியே வரவே வராது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நின்ற வட்டத்தில் ஒரு கோடு.

எங்கள் பிள்ளைகள் 100 முறை நகர்த்தினார்கள். பள்ளி 47, கோயில் 39, கடை 8, மற்ற இரண்டும் சேர்ந்து 6. சமன்பாடு போட்டுப் பார்த்தால் 45, 41, 7.5, மீதி இரண்டுக்கும் தலா 3.3 என்று வரும், கிட்டத்தட்ட அதேதான்.

"அண்ணே, கோயிலுக்கு ஒரே அம்புதானே, கடைக்கு ரெண்டு இருக்கே?" என்றாள் ஒரு பெண். அந்தக் கேள்வி வரும் வரைக்கும் நான் வாயைத் திறப்பதில்லை. கோயிலைக் காட்டுவது பள்ளி, அதுவும் வேறு யாரையும் காட்டாமல் முழுக் கையையும் அங்கேயே நீட்டுகிறது. கடையைக் காட்டுகிற இருவரையும் தேடி யாரும் போவதில்லை. அவளே இன்னொரு அம்பைப் பள்ளியிலிருந்து கடைக்குப் போட்டு மறுபடி உருட்டினாள், கோயில் சரசரவென்று இறங்கியது. பையன் ஒருவன் பந்துக் குழுவை ஏற்ற ஐந்தாறு போலி வட்டம் வரைந்து எல்லாவற்றையும் அதை நோக்கித் திருப்பினான். கொஞ்சம் ஏறத்தான் செய்தது. இணைப்புப் பண்ணை என்று சொல்லப்படும் இந்தத் தந்திரத்தை யாரும் சொல்லித்தராமலேயே கண்டுபிடித்துவிட்டான், திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேலை. முதலில் வரைந்த பெரிய படத்துக்கு வந்து, ஏதாவது ஒரு சின்ன வட்டத்தை விரலால் மூடிப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. அப்புறம் அம்புகள் கிளம்பும் நடு வட்டத்தையும் திறந்து வரைந்த மூன்றையும் மூடுங்கள், படம் துண்டுதுண்டாகத் தொங்கும். மேலே சொன்ன அதே நோட்டர் டாம் மூவர் 2000-ல் காட்டியதும் இதுதான்: கண்டபடி பழுதானால் இப்படிப்பட்ட வலை தாங்கும், பெரிய முடிச்சைக் குறிவைத்து அடித்தால் தாங்காது.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே பக்கங்களைத் திறந்து அம்புகளைச் சரிபாருங்கள், விக்கிப்பீடியாவுக்கு வெளியே போகும் இணைப்புகளையும் சேர்த்து. சில செத்திருக்கும், சில வேறெங்கோ திரும்பியிருக்கும், சில வட்டங்களுக்குப் புதிதாக அம்பு முளைத்திருக்கும். பென்சிலால் வரையச் சொன்னது அதற்குத்தான்.