அவுட்பேக்கில் குடும்பத்தோடு கூடாரப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியான அவுட்பேக்கிற்குப் பிள்ளைகளோடு காரில் கிளம்பும் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, வீட்டில் வரைபடத்தை வைத்துக்கொண்டு திட்டம் போடும்போதே தொடங்கிவிடுகின்றன. அடிலெய்டிலிருந்து உலுரு பாறைக்குச் செல்லும் வழியையே எடுத்துக்கொள்வோம். போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, எர்ல்டண்டா வழியாகச் சுமார் 1,600 கிலோமீட்டர், முழுவதும் தார்ச்சாலை, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகமும், எல்லை கடந்து வடக்கு மண்டலத்தில் பல இடங்களில் 130 கிலோமீட்டர் வேகமும் அனுமதிக்கப்படுகின்றன. கூட்டிப் பார்த்தால் இரண்டு நாளில் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் பிள்ளைக்கு வயிறு சரியில்லாமல் வண்டியை நிறுத்தும் அரைமணி நேரமும், சமைப்பதற்கும் கூடாரம் அடிப்பதற்குமான இரண்டு மணி நேரமும் இருப்பதில்லை. இந்த வழிக்கு நான்கு நாட்களாவது ஒதுக்குவதே குடும்பத்திற்கு ஏற்றது.

நாள் போதாமல் போகும்போது குடும்பங்கள் முதலில் கைவைப்பது மாலை நேரத்தின் மீதுதான். பயணத்திற்கு உகந்த ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே குளிர்காலமாதலால் ஆறு மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். கங்காருக்கள் மேய வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். பல இடங்களில் வேலியே இல்லாததால் மாடுகளும் சாலையில் நிற்கும். விலங்கு குறுக்கே வந்ததும் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிப்பது இயல்பான பதற்றந்தான் என்றாலும், அவ்வாறு ஒடித்துக் கார் உருண்டுவிடுவது விலங்கின் மீது மோதுவதைவிடப் பெரிய ஆபத்து. பிரேக்கை அழுத்தியபடி நேராகவே செல்லவேண்டும். வாடகை வண்டியாக இருந்தால் ஒப்பந்தத்தையும் முன்பே படித்துவிடுங்கள்: ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினாலோ, சாதாரணக் காரைச் சரளைச் சாலையில் இறக்கினாலோ காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். மாலை நான்கு மணிக்குமேல் ஓட்டுவதில்லை என்று விதி வைத்துக்கொள்ளும் குடும்பங்களே நிம்மதியாகப் போய்வருகின்றன என்பது என் கருத்து. பகலிலும் ஒரு எச்சரிக்கை தேவை: ரோட் டிரெயின் எனப்படும் தொடர் லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அவற்றை முந்த, எதிரே நெடுந்தொலைவு சாலை காலியாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போவதில் குறைவொன்றும் இல்லை.

இருட்டியபின் இடம் தேடுபவர்கள் தவறான இடத்தில் கூடாரம் அடிக்கிறார்கள். வறண்ட ஓடைப் படுகை மெத்தைபோல மணல் விரித்துக் கிடக்கும். ஆனால் பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழை, அங்கே ஒரு துளி விழாமலேயே இரவில் வெள்ளமாக வந்து சேரலாம். ஓடைக்கரைகளில் வளரும் ரிவர் ரெட் கம் என்ற தைல மர வகை, காற்றே இல்லாத வேளையிலும் பெரிய கிளைகளை முறித்துப் போடும் இயல்புடையது என்பதால் அதன் நிழலும் கூடாது. கேத்ரின், டார்வின் பக்கமாக வடக்கே போகிறவர்கள் முதலைகளை மனத்தில் வைத்து, நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளியே தங்கவேண்டும். உலுரு தேசியப் பூங்காவுக்குள்ளோ முகாமிட அனுமதியே இல்லை. வெளியேயுள்ள யுலாராவில்தான் தங்கவேண்டும். பள்ளி விடுமுறையில் அங்கே முன்பதிவு இல்லாமல் போய் நிற்பது பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது பருவம். டிசம்பர், ஜனவரிப் பள்ளி விடுமுறையில் போகலாம் என்று நினைப்பவர்கள், அப்போது வெப்பம் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதையும், தெற்கு ஆஸ்திரேலியாவில் சிம்ப்சன் பாலைவனப் பகுதியையே ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள் என்பதையும் அறியவேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பாலைவனம் என்றாலே சூடு என்று எண்ணி மெல்லிய போர்வையோடு ஜூலையில் போவது. ஆலிஸ் ஸ்பிரிங்சில் அந்த மாத இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவதுண்டு.

வரைபடத்தில் புள்ளி வைத்த இடமெல்லாம் ஊர் அல்ல. பெரும்பாலும் எரிபொருளும் உணவும் விற்கும் ஒரு ரோட்ஹவுஸ் மட்டுமே இருக்கும், அதுவும் இரவில் மூடியிருக்கலாம். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையிலுள்ள கிளெண்டாம்போவைத் தாண்டினால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது. பாதித் தொட்டி மிச்சமிருந்தாலும் எரிபொருள் நிலையத்தைக் கண்ட இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்வதே வழக்கமாகவேண்டும். குடிநீர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சமையலுக்கும் கழுவுவதற்கும் தனி. நம் வீடுகளில் அரிசியை மூன்று முறை களைந்து, கஞ்சி வடித்துக் கொட்டும் பழக்கம் அங்கே உதவாது. அவலோ, ரவையோ கொண்டுபோவது நல்லது. எல்லாத் தண்ணீரையும் ஒரே கேனில் ஊற்றி வைப்பது இன்னொரு தவறு. அது ஓட்டையானால் அடுத்த வாய்த் தண்ணீருக்கு வழியில்லை.

எல்லாவற்றிலும் கொடியது, வண்டி நின்றுபோனால் அதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்குவதுதான். 1998 டிசம்பரில் கட்டி தண்டா–ஏர் ஏரிக்கரை மணலில் ஆஸ்திரிய நாட்டு இணையரின் வண்டி புதைந்தது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வில்லியம் கிரீக் என்ற சிற்றூரை நோக்கி நடந்த பெண் வழியிலேயே உயிரிழந்தார். வண்டியருகே இருந்தவர் பிழைத்தார். பின்னர் டயர்களின் காற்றைக் குறைத்ததும் அந்த வண்டி மணலிலிருந்து வெளியே வந்துவிட்டது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. காற்றைக் குறைத்தால் டயர் மணலில் அகலமாகப் பதிந்து புதையாமல் உருளும். ஆகவே காற்றழுத்தமானியும், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்கச் சிறு கம்பிரசரும் இல்லாமல் மணற்பாதையில் இறங்கக்கூடாது. மேலிருந்து தேடுபவர்களுக்கு நடந்துபோகும் மனிதரைவிட நின்றிருக்கும் வண்டி எளிதில் புலப்படும். நிழலும் தண்ணீரும் இருப்பதும் அங்கேதான். இதைப் பிள்ளைகளுக்கும் கிளம்புமுன்னரே சொல்லிவைக்கவேண்டும். ஊர்களைத் தாண்டினால் கைப்பேசிக்குச் சிக்னல் இராது என்பதால், செயற்கைக்கோள் வழியாக ஆபத்துக் குறி அனுப்பும் சிறுகருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை கூபர் பீடியில் தனிக் கவனம் வேண்டும். 1915-இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஓபல் கல்லைக் கண்டெடுத்ததிலிருந்து தோண்டப்பட்ட குழிகள் ஊரைச் சுற்றிலும் மூடாமலே கிடக்கின்றன. படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நடக்காதீர்கள் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள்.

பூர்வகுடி மக்களின் நிலங்கள் வழியாகச் செல்லும் கிரேட் சென்ட்ரல் சாலை போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவை. மாநில எல்லைகளில் பழம், காய்கறி கொண்டுசெல்லக் கட்டுப்பாடு உண்டு. மேற்கு ஆஸ்திரேலியா தேனைக்கூட உள்ளே விடாது. தீமூட்டத் தடை விதிக்கப்பட்ட நாட்களில் முகாம் நெருப்பு கூடாது. எந்த வழியில் போகிறோம், எந்த நாளில் சேருவோம் என்பதைப் பொறுப்பான ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்பவர்கள்கூட, பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அவருக்குத் தகவல் சொல்ல மறந்துவிடுகிறார்கள். யுலாராவில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், காவலர்கள் அவர்களைத் தேடி நெடுஞ்சாலையில் கிளம்பியிருக்கக்கூடும்.