ஒரே மாதிரி தோன்றும் ஆங்கிலச் சொற்கள்: தமிழையும் மலாயையும் வைத்துப் பிரித்தறிவது எப்படி?

ஆங்கிலத்தில் பாரோ (borrow), லெண்ட் (lend) இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சே (say) எங்கே, டெல் (tell) எங்கே? தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளியில் படிவம் 1-க்குப் போகும் பிள்ளைகள், எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலத் தாளான 1119-க்குத் தயாராகிறவர்கள், வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் என எல்லோரும் தடுமாறும் இடம் இது. அகராதியைத் திறந்தால் இப்படிப்பட்ட பல ஜோடிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்து பெரிய பலன் இல்லை.

ஆனால் மலேசியாவில் வளர்ந்த நமக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் தமிழ், வெளியே மலாய். ஆங்கிலம் பிரித்துச் சொல்லும் பல விஷயங்களை இந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே பிரித்துத்தான் சொல்கிறது. எது என்று கண்டுபிடித்தால் குழப்பம் பாதி தீர்ந்த மாதிரி.

படி 1: மூன்று கட்டம் போடுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் குழப்பும் ஆங்கிலச் சொற்கள், அடுத்ததில் தமிழ், மூன்றாவதில் மலாய்.

பாரோ, லெண்ட் எழுதிப் பாருங்கள். பேச்சு மலாயில் இரண்டுக்கும் பிஞ்ஜாம்தான் ஓடும்; எழுதும்போதுதான் கொடுப்பதற்குப் பிஞ்ஜாம்கான் என்று மாற்றுவோம். அதனால்தான் "கேன் யூ பாரோ மீ டென் ரிங்கிட்" என்று கோலாலம்பூரில் சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். தமிழ்க் கட்டத்தைப் பாருங்கள்: கடன் வாங்கு, கடன் கொடு. "எனக்குப் பத்து வெள்ளி கடன் வாங்கு" என்று நண்பரிடம் சொன்னால் அவர் இன்னொருவரிடம் போய்க் கை நீட்டுவார்! வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். ஆகவே சரியான வாக்கியம் "கேன் யூ லெண்ட் மீ டென் ரிங்கிட்".

பிரிங், டேக் ஜோடியும் இப்படித்தான். மலாயில் இரண்டும் பாவா. தமிழில் கொண்டு வா, கொண்டு போ. அவ்வளவுதான், வேறு விதி வேண்டாம்.

படி 2: மலாய் எங்கே உள்ளே நுழைகிறது என்று பாருங்கள்

நம் பிள்ளைகள் ஒரு தடவையாவது எழுதும் கட்டுரை தைப்பூசம். அதில் "மை அங்கிள் சென்ட் மீ டு பத்து கேவ்ஸ்" (பத்துமலை) என்று ஒரு வரி வந்துவிடும். மாமா காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார் என்பதுதான் எழுதியவர் மனதில் இருப்பது. மலாயில் ஹந்தார் என்றால் அனுப்புவதும் உண்டு, கொண்டுபோய் விடுவதும் உண்டு. வெளிநாட்டு ஆசிரியர் இதைப் படித்தால் மாமா வீட்டிலேயே இருந்துகொண்டு பிள்ளையை மட்டும் அனுப்பினார் என்றுதான் எடுத்துக்கொள்வார். தமிழில் நாம் அனுப்புவதையும் கொண்டுபோய் விடுவதையும் குழப்புவதே இல்லை. அனுப்பினால் செண்ட், கொண்டுபோய் விட்டால் டேக், அல்லது டிராப்.

அடுத்த வரி "ஐ ஃபாலோட் மை அங்கிள்ஸ் கார்". இது மலாயின் ஈக்குட்; பின்னால் போவதற்கும் கூடவே போவதற்கும் அந்த ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் இதற்கு மாமாவின் கார் முன்னால் போக, நீங்கள் வேறொரு வண்டியில் பின்னாலேயே போனீர்கள் என்று பொருள். மாமாவோடு போனேன் என்பதற்கு "ஐ வென்ட் வித் மை அங்கிள்" போதும். உள்ளூரில் பேசும்போது எல்லோருக்கும் புரியும், அதில் தப்பே இல்லை. தேர்வுத் தாளிலும் வேலை நேர்காணலிலும்தான் கவனம் வேண்டும்.

படி 3: தமிழ் கைவிட்டால் மலாயிடம் போங்கள்

சீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் தமிழில் பார் என்றே சொல்லிவிடுகிறோம். மலாயில் நம்பாக் வேறு, தெங்கோக் வேறு. தானாகக் கண்ணில் படுவது நம்பாக், அதுதான் சீ. நாமே கண்ணைத் திருப்புவது தெங்கோக். அது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும்: ஒன்றின் பக்கம் பார்வையைத் திருப்பினால் லுக், நடப்பதைத் தொடர்ந்து கவனித்தால் வாட்ச்.

அதே தைப்பூசக் கட்டுரைக்கு வருவோம். கூட்டத்தில் வகுப்பு ஆசிரியர் கண்ணில் பட்டார்: சீ. 272 படிகளுக்குக் கீழே நின்று 42.7 மீட்டர் முருகன் சிலையை அண்ணாந்து பார்த்தோம்: லுக், கூடவே அட் கட்டாயம். வெள்ளி ரதம் ஊர்ந்து வருவதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்: வாட்ச். சினிமாவுக்குச் சீ, வாட்ச் இரண்டும் சொல்வார்கள்.

ஹியர், லிசன் ஜோடிக்கு மறுபடி தமிழிடம் வாருங்கள். காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்துக் கேட்டால் லிசன். யாரை, எதை என்று சொல்லும்போது லிசனுக்குப் பின்னால் டு போட மறக்காதீர்கள்.

சே, டெல்லுக்கு மலாய்தான் கை கொடுக்கும்: காத்தா என்றால் சே, பெரித்தாஹு என்றால் டெல். டெல் வந்தால் யாரிடம் என்பது உடனே ஒட்டிக்கொள்ளும்: டெல் மீ, டெல் ஹெர். "ஷீ செட் மீ" தவறு. "ஷீ டோல்ட் மீ" சரி. டு சேர்த்தால் "ஷீ செட் டு மீ" சரி.

படி 4: இரண்டு மொழியும் கை விரித்தால் துணைச்சொல்லைத் தேடுங்கள்

துணைச்சொல் என்றால் ஒரு சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் சொல். ஜாப், வொர்க் இரண்டும் தமிழில் வேலை, அன்றாட மலாயில் கெர்ஜா. விண்ணப்பக் கடிதங்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஜாப் எண்ணக்கூடியது: எ ஜாப், டூ ஜாப்ஸ். வொர்க்கை இந்தப் பொருளில் எண்ண முடியாது. அதனால் "எ வொர்க்", "மெனி வொர்க்ஸ்" இரண்டும் தவறு. "எ லாட் ஆஃப் வொர்க்" சரி. "லுக்கிங் ஃபார் எ ஜாப்", "லுக்கிங் ஃபார் வொர்க்" இரண்டுமே எழுதலாம். அந்தச் சின்ன 'எ' எங்கே வருகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

கேம்பிரிட்ஜ் ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெயர்ச்சொல் பக்கத்தில் 'சி' என்ற எழுத்து இருந்தால் எண்ணலாம், 'யூ' இருந்தால் எண்ண முடியாது. பொருளைப் படிப்பதோடு நிற்காமல் கீழே தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். துணைச்சொற்கள் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சின்ஸ், ஃபார் இரண்டையும் தமிழே அழகாகப் பிரித்துவிடும்: 2015-இலிருந்து என்றால் சின்ஸ், பத்து வருடமாக என்றால் ஃபார். ஆனால் வினையில் தமிழை நம்பாதீர்கள். "செந்தூலில் பத்து வருடமாகக் குடியிருக்கிறோம்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "வீ ஹேவ் லிவ்ட் இன் செந்தூல் ஃபார் டென் இயர்ஸ்" என்று ஹேவ் வர வேண்டும்.

படி 5: நீங்களே நிரப்பிப் பாருங்கள்

இன்றைக்கு நான்கு ஜோடிகள்: ரிமெம்பர்–ரிமைண்ட், டீச்–லேர்ன், ஹவுஸ்–ஹோம், மேக்–டூ. முதல் இரண்டும் தமிழ்க் கட்டத்திலேயே பிரிந்துவிடும். ஹவுஸ், ஹோமுக்குத் தமிழில் வீடு, மலாயில் ரூமா, அங்கேயே நின்றுவிடுவீர்கள். அகராதியின் எடுத்துக்காட்டுகளைத் திறக்க வேண்டியதுதான். மேக், டூ ஒவ்வொன்றுக்கும் ஐந்து துணைச்சொல் எழுதுங்கள். தொடங்கி வைக்கிறேன்: மேக் எ மிஸ்டேக், டூ ஹோம்வொர்க்.